அங்குல மரையும் மில்லிமீட்டர் மரையும்

அறந்தாங்கி போன்ற ஊர்களின் லேத்துப் பட்டறைகளில் மரை போடும் வேலை இரண்டு அளவுமுறைகளுக்கு நடுவே வளர்ந்தது. அங்குல மரையிலும் ஒரே வகை இல்லை. 1841-இல் இங்கிலாந்தின் ஜோசப் விட்வொர்த் மரைக்கு 55 டிகிரி கோணம் வகுத்தார். 1864-இல் அமெரிக்காவின் வில்லியம் செல்லர்ஸ் 60 டிகிரி என்றார். அரை அங்குல போல்ட்டில் விட்வொர்த் முறைப்படி அங்குலத்துக்கு 12 மரை, அமெரிக்க முறைப்படி 13. மாற்றிப் போட்டால் நட்டு ஓரிரு சுற்று ஏறி இறுகிவிடும்.

1956-இல் இந்தியா மெட்ரிக் அளவைச் சட்டமாக்கியது. பட்டறைகளில் நின்றவையோ, உளியை நகர்த்தும் திருகுத்தண்டான லீட் ஸ்குரூ அங்குல அளவில் அமைந்த லேத்துகள். அவற்றில் மில்லிமீட்டர் மரை வெட்ட 127 பல் கியர் வந்தது. 5 அங்குலம் சரியாக 127 மில்லிமீட்டர் என்பதே அந்த விசித்திர எண்ணின் கணக்கு. ஆனால் மரை முடியும்வரை லீட் ஸ்குரூவின் பிடியை விடக்கூடாது. ஒவ்வொரு வெட்டுக்கும் உளியைப் பின்னிழுத்து, லேத்தை எதிர்த்திசையில் ஓட்டித்தான் தொடக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும். பிடியை விட்டால் உளி பழைய தடத்தில் விழாது, பொருள் பாழ்.

கணினி வழி இயங்கும் சிஎன்சி மில்லிங்கில் மரைக்காகக் கியர் மாற்றும் இந்தத் தொல்லை இல்லை. உளி துளைக்குள் வட்டமடித்தபடி, சுற்றுக்கு ஒரு மரை இடைவெளி வீதம் ஏறுகிறது. ஒரே உளி பல விட்டங்களுக்கு உதவும். வீட்டு மேசையில் நிற்கும் சிறு இயந்திரத்துக்கும் இது கைகூடும். பழைய விட்வொர்த் மரைக்கு மட்டும் 55 டிகிரி உளி தனியாக வேண்டும்.