வராத மாணவரைத் தேடிய ஆசிரியர்

கல்வியின் சிறப்பைக் கூறாத மேடை நம்மிடையே இல்லை. கற்பவர் ஆசிரியருக்குச் செய்ய வேண்டிய மரியாதைகளையும் நாம் அடிக்கடி கேட்டு வருகிறோம். ஆனால், கற்பிப்பவர் தம் மாணவரிடம் வைக்க வேண்டிய அன்பு எத்தகையது என்பதைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. அந்த அன்பு வெறும் இரக்கமன்று. மார்க்கக் கல்வி ஒரு தலைமுறையிலிருந்து மறு தலைமுறைக்கு வந்து சேர்ந்ததே அந்த அன்பினால்தான். இதற்குச் சான்றாக, இமாமுல் அஃலம் அபூஹனீபா (ரஹ்) அவர்களின் பாடசபையைச் சற்று நினைவுகூர்வோம்.

விதையிலிருந்து ரொட்டி வரை

ஹனபி மத்ஹபுக் கிதாபுகளை ஓதியவர்கள் ஓர் உவமையைக் கேட்டிருப்பார்கள். பிக்ஹு என்னும் மார்க்கச் சட்டக் கல்வியை விதைத்தவர்கள் அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள். நீர் பாய்ச்சியவர்கள் அல்கமா (ரஹ்) அவர்கள். அறுவடை செய்தவர்கள் இப்ராஹீம் நகஈ (ரஹ்) அவர்கள். போரடித்தவர்கள் ஹம்மாத் (ரஹ்) அவர்கள். மாவாக்கியவர்கள் அபூஹனீபா (ரஹ்) அவர்கள். பிசைந்தவர்கள் அபூயூஸுப் (ரஹ்) அவர்கள். ரொட்டியாகச் சுட்டவர்கள் முஹம்மத் இப்னு ஹஸன் (ரஹ்) அவர்கள். உண்பவர்களோ நாமெல்லாம் என்பது அதன் கருத்து.

ஹிஜ்ரி 17இல் (கி.பி. 638) எழுந்த கூபா நகரத்துக்கு, கலீபா உமர் (ரலி) அவர்கள் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களை ஆசிரியராக அனுப்பி வைத்தார்கள். அன்று விதைத்தது, ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு கழித்து இமாம் முஹம்மத் அவர்களின் நூல்களில் முழு உணவாயிற்று. இடையில் ஓர் ஆசிரியர் தம் மாணவரைக் கைவிட்டிருந்தாலும், இந்தச் சங்கிலி அறுந்து போயிருக்கும்.

அது அறுந்துபோகும் நிலை ஒருமுறையன்று, பலமுறை வந்தது என்பதே நாம் கவனிக்க வேண்டிய செய்தி.

கடைவீதியிலிருந்து அழைத்தவர்

அபூஹனீபா (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 80இல் (கி.பி. 699) கூபாவில் பிறந்தார்கள். பட்டு கலந்து நெய்த துணி வாணிபம் அவர்களுடைய தொழில். இளமையில் கடைவீதிக்குப் போவதும் வருவதுமாக இருந்தவர்களை, இமாம் ஷஅபீ (ரஹ்) அவர்கள் ஒருநாள் நிறுத்தி, யாரிடம் போய் வருகிறீர் என்று வினவினார்கள். கடைவீதிக்கு என்று விடை வந்தது. நான் கேட்டது அதையன்று, ஆலிம்களில் யாரிடம் போகிறீர் என்பதைத்தான் என்று கூறி, உம்மிடம் அறிவின் துடிப்பைக் காண்கிறேன், கற்பதை விட்டுவிடாதீர் என அறிவுறுத்தினார்கள். அந்தச் சொல் நெஞ்சில் பதிந்தது. தெருவில் நடந்து போகும் வணிக இளைஞர் ஒருவரின் முகத்தைக் கண்டு, அவருக்குள் இருந்த மாணவரை அடையாளம் கண்டவர் ஓர் ஆசிரியரே.

பின்னர் ஹம்மாத் இப்னு அபீஸுலைமான் (ரஹ்) அவர்களின் சபையில் அமர்ந்து பதினெட்டு ஆண்டுகள் கற்றார்கள். பத்து ஆண்டுகள் கழிந்தபோது, இனித் தனியே ஒரு சபை அமைக்கலாமே என்ற ஆசை உள்ளத்தில் எழுந்தது. அந்த எண்ணத்துடன் ஒரு மாலை பள்ளிவாசலுக்குள் நுழைந்தார்கள். ஆசிரியரின் முகத்தைக் கண்டதும் பிரிந்துபோக மனம் வரவில்லை. வழக்கம்போல் அருகே அமர்ந்துவிட்டார்கள். அன்றிரவே, பஸராவில் உறவினர் ஒருவர் இறந்துவிட்ட செய்தி ஹம்மாத் அவர்களுக்கு எட்டியது. வாரிசுரிமைக்காக அவர்கள் புறப்பட வேண்டியதாயிற்று. போகும்போது தம் இடத்தில் அபூஹனீபாவையே அமர்த்திச் சென்றார்கள்.

இரண்டு மாதங்கள் கழிந்தன. ஆசிரியரிடம் கேட்டறியாத வினாக்கள் பல வந்தன. மாணவர் விடையளித்ததுடன் அவற்றைக் குறித்தும் வைத்தார். ஆசிரியர் திரும்பியதும் அறுபது வினாக்களையும் விடைகளையும் முன்வைத்தார். நாற்பதை ஹம்மாத் அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள், இருபதில் மாறுபட்டார்கள். அந்த இருபதே போதுமானதாயிற்று. ஆசிரியர் உயிருடன் இருக்கும்வரை அவரைவிட்டுப் பிரிவதில்லை என்று அபூஹனீபா (ரஹ்) அவர்கள் உறுதிபூண்டார்கள். ஹிஜ்ரி 120இல் (கி.பி. 738) ஹம்மாத் அவர்கள் வபாத்தாகும்வரை அந்த உறுதி நிலைத்தது. பிறகும் தம் தொழுகைகளிலெல்லாம் பெற்றோருடன் சேர்த்து ஆசிரியருக்காகவும் துஆச் செய்து வந்தார்கள் என்றும், ஆசிரியரின் வீடிருந்த திசையில் கால் நீட்டியதில்லை என்றும் வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். அவர்களுடைய மகனாரின் பெயரும் ஹம்மாதே.

நூறு திர்ஹம்

ஹம்மாத் அவர்களுக்குப் பின் அந்தச் சபை அபூஹனீபா (ரஹ்) அவர்களின் பொறுப்பாயிற்று. அங்கே வந்து சேர்ந்தவர்களில் ஒருவர் யஃகூப் இப்னு இப்ராஹீம். பிற்காலத்தில் இமாம் அபூயூஸுப் என உலகம் அறிந்தவர் அவரே. ஹிஜ்ரி 113இல் (கி.பி. 731) பிறந்த அவர், வறுமையில் வளர்ந்தவர்.

ஒருநாள் அவருடைய தந்தையார் சபைக்கு வந்து மகனை அழைத்துச் சென்றார். அபூஹனீபாவுக்கு வாழ்க்கை வசதி இருக்கிறது, நாமோ பிழைப்புத் தேடவேண்டியவர்கள்; அவரோடு ஒப்பாக நீ காலத்தைச் செலவிடலாகாது என்று எடுத்துரைத்தார். தந்தைக்குக் கீழ்ப்படிந்து யஃகூப் வருவதைக் குறைத்துக்கொண்டார். சபையில் மாணவர்கள் பலர் இருந்தும், அந்த ஓர் இடம் வெறுமையாக இருப்பதை இமாம் அவர்களின் கண் கண்டது. அவரைப் பற்றி விசாரித்துக்கொண்டே இருந்தார்கள். மீண்டும் வந்தபோது காரணத்தைக் கேட்டார்கள். வாழ்வுத் தேவையும் தந்தையின் சொல்லும் என்றார் மாணவர்.

அனைவரும் கலைந்து செல்லும்வரை இமாம் அவர்கள் எதுவும் பேசவில்லை. பிறர் முன்னிலையில் மாணவர் நாணக்கூடாதல்லவா? தனித்திருந்தபோது ஒரு பையைக் கொடுத்தார்கள். அதில் நூறு திர்ஹம் இருந்தது. சபையை விடாதீர், இது தீர்ந்தால் சொல்லும் என்றார்கள். ஆயினும் தீர்ந்துவிட்டது என்று சொல்லும் நிலையே அவருக்கு ஏற்படவில்லை. யாரோ அறிவித்ததுபோல், தீரும் தறுவாயில் அடுத்த நூறு வந்துகொண்டே இருந்தது என அபூயூஸுப் (ரஹ்) அவர்களே நினைவுகூர்ந்துள்ளார்கள்.

தந்தை சிறுவயதிலேயே இறந்துவிட, தாயார்தாம் மகனைத் துணி வெளுக்கும் தொழிலாளி ஒருவரிடம் வேலைக்கு விட்டார்கள் என்றும் மற்றோர் அறிவிப்பு உண்டு. வேலையை விட்டு மகன் பாடசபைக்கு ஓடுவார். தாயார் வந்து கையைப் பிடித்து இழுத்துப் போவார்கள். நூல் நூற்று இவனுக்குச் சோறு போடுகிறேன், இவனைக் கெடுப்பவர் நீர்தாம் என்று இமாம் அவர்களிடமே சினந்தார்கள். பிஸ்தா எண்ணெயில் செய்த பாலூதஜ் என்னும் இனிப்பை உண்ண இவர் இங்கே கற்றுக்கொண்டிருக்கிறார் என்று இமாம் அவர்கள் விடை கூறினார்கள். முதுமையால் மதி மயங்கிவிட்டதோ என எண்ணியபடி அந்த அம்மையார் போய்விட்டார்கள். ஆண்டுகள் பல சென்றபின், கலீபா ஹாரூன் ரஷீதின் விருந்தில் அதே இனிப்பு முன்னே வைக்கப்பட்டபோது, தலைமைக் காழியான அபூயூஸுப் (ரஹ்) அவர்கள் பழையதை எண்ணிச் சிரித்தார்கள். காரணம் கேட்டறிந்த கலீபா, இமாம் அவர்களுக்காக துஆச் செய்தார்.

இந்த வரலாற்றைப் பாடம் நடத்தும்போதெல்லாம் எனக்கு என் உஸ்தாது ஹஜ்ரத் நினைவு வரும். மூன்றாம் ஆண்டு விடுமுறைக்கு ஊர் வந்த என்னை, வாப்பா கடையில் நிறுத்திக்கொண்டார்கள். அவர்கள்மீது குற்றமில்லை, வீட்டு நிலை அப்படி. ஒரு நண்பகலில் ஹஜ்ரத் பேருந்திலிருந்து இறங்கிக் கடைக்கே வந்துவிட்டார்கள். என்னைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. வாப்பாவின் கடன் எவ்வளவு என்று மட்டும் கேட்டார்கள். எழுதிக் கொண்டு போனார்கள். அடுத்த வாரம் நான் மதரஸாவில் இருந்தேன். அந்தக் கடன் எப்படி அடைந்தது என்பதை அவர்கள் வபாத்தாகும்வரை என்னிடம் கூறவேயில்லை.

துணியும் கூலியும்

அன்பு என்பது கொடுப்பது மட்டுமன்று, திருத்துவதுமாகும். ஒருமுறை அபூயூஸுப் (ரஹ்) அவர்கள் கடுமையான நோயுற்றார்கள். காணச் சென்ற இமாம் அவர்கள், இந்த இளைஞர் இறந்துவிட்டால் பெரும் கல்வி ஒன்று இறந்துவிடும் என்ற பொருள்பட மனமுருகிப் பேசினார்கள். நோய் நீங்கியது. ஆனால் அந்தப் புகழுரை காதுக்கு எட்டியதும் மாணவரின் உள்ளத்தில் சற்றே பெருமை புகுந்தது. தனிச்சபை அமைத்துவிட்டார். ஆசிரியர் ஹம்மாதை விட்டுப் பிரிய ஒருகாலத்தில் தமக்கே தோன்றிய அதே ஆசை, இப்போது தம் மாணவருக்கு வந்திருப்பதை இமாம் அவர்கள் கண்டார்கள்.

கடிந்து ஆளனுப்பவில்லை. ஒரு வினாவையே கொடுத்தனுப்பினார்கள். ஒருவர் துணியை வெளுக்கக் கொடுத்தார். திரும்பக் கேட்டபோது வெளுப்பவர் துணியே தம்மிடம் இல்லையென மறுத்துவிட்டார். பிறகு மனம் மாறி, வெளுத்த துணியைத் திருப்பிக் கொடுத்தார். கூலி உண்டா, இல்லையா? உண்டு என்றாலும் தவறு என்று சொல். இல்லை என்றாலும் தவறு என்று சொல் என்பதே தூதருக்கு இட்ட கட்டளை.

அபூயூஸுப் அவர்கள் இரண்டு விடைகளையும் சொல்லிப் பார்த்தார்கள். இரண்டும் தவறென்று கேட்டதும் எழுந்து நேரே ஆசிரியரிடம் வந்தார்கள். துணிக்காரர் விவகாரம்தானே உம்மை இங்கே கொண்டுவந்தது என்று இமாம் அவர்கள் கேட்டுவிட்டு, விளக்கினார்கள். மறுப்பதற்கு முன்பே வெளுத்திருந்தால், உடையவருக்காக வெளுத்தார். ஆகவே கூலி உண்டு. மறுத்தபின் வெளுத்திருந்தால், அபகரித்த பொருளைத் தமக்கென வெளுத்தார். ஆகவே கூலி இல்லை. மாணவர் மீண்டும் தம் பழைய இடத்தில் அமர்ந்தார். தம் ஆசிரியர் மாறுபட்ட இருபது விடைகளால் தாம் பெற்ற பாடத்தை, ஒரே வினாவால் மாணவருக்கு வழங்கினார்கள் இமாம் அவர்கள்.

மாறுபடும் உரிமை

இதனால், மாணவரைத் தமக்கு அடிமையாக்கிக்கொண்டார்கள் என்று எவரும் எண்ணிவிடலாகாது. உண்மை அதற்கு நேர்மாறானது. நான் சொல்வதையெல்லாம் எழுதிவிடாதீர், இன்று ஒரு கருத்தைக் கொள்வேன், நாளை அதை விட்டுவிடுவேன் என்று அபூயூஸுபைத் தடுத்தவர்களும் அந்த இமாம் அவர்களே. சபையில் ஒரு மஸ்அலா எடுத்துக்கொள்ளப்பட்டால் மாணவர்கள் வாதிடுவார்கள்; ஆசிரியரையும் மறுப்பார்கள்.

அதன் விளைவை ஹனபிக் கிதாபுகளின் பக்கங்களில் இன்றும் காணலாம். இமாம் அவர்கள் கூற்று ஒன்று, ‘ஸாஹிபைன்’ எனப்படும் இரு தோழர்களான அபூயூஸுப், முஹம்மத் ஆகியோரின் கூற்று வேறொன்று என இரண்டும் அருகருகே நிற்கும். விளைச்சலில் மூன்றிலொன்று, நான்கிலொன்று என்று பேசி நிலத்தைச் சாகுபடிக்கு விடும் வார முறையை இமாம் அவர்கள் செல்லாது என்றார்கள். மாணவர் இருவரும் செல்லும் என்றார்கள். மக்களின் தேவை கருதி மாணவர்களின் கூற்றே தீர்ப்புக்குரியதாயிற்று. ஹிதாயா ஓதிய எந்த மாணவரும் இதை அறிவார். மாறுபட்டதால் அவர்கள் மாணவர் என்ற நிலையை இழக்கவில்லை. அவ்விருவரின் கூற்றுகளும் ஆசிரியரின் மத்ஹபிலேயே அடங்கின.

மாறுபட்டபோதும் அபூயூஸுப் (ரஹ்) அவர்கள் காத்த மரியாதை எண்ணி மகிழத்தக்கது. ஹாரூன் ரஷீதுக்காக எழுதிய ‘கிதாபுல் கராஜ்’ என்னும் நூலில், தரிசு நிலத்தைத் திருத்துபவருக்கு அரசின் அனுமதி தேவையா என்ற பிரச்சினை வருகிறது. தேவை என்பது ஆசிரியரின் கூற்று. அதைவிட்டு விலகுமுன், மக்களிடையே சச்சரவு நேராமல் தடுக்கவே அவர்கள் அவ்வாறு கூறினார்கள் என்று, அதற்குரிய நியாயத்தை மாணவரே எடுத்துரைக்கிறார்கள். ஆசிரியர் அப்போது மண்ணறையில் இருந்தார்கள், வாதாட அவர்களுக்கு நாவில்லை, மாணவரே நாவானார்.

இரவுப் பாடம்

இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 150இல் (கி.பி. 767) பகுதாதில் வபாத்தானபோது, இமாம் முஹம்மத் (ரஹ்) அவர்கள் பதினெட்டு வயது இளைஞர். எஞ்சிய கல்வியை அபூயூஸுப் (ரஹ்) அவர்களிடம் பெற்றார்கள். அவர்கள் ஆசிரியரானபோது, வட ஆப்பிரிக்காவிலிருந்து அஸத் இப்னுல் புராத் என்பவர் வந்தார். கூட்டமோ பெரிது, நானோ அயலூரான், கைப்பொருளும் குறைவு என்று முறையிட்டார். பகலில் எல்லோருடனும் கேளும், இரவை உமக்கென்றே ஒதுக்கினேன் என்றார்கள் இமாம் அவர்கள். இரவுப் பாடத்தில் ஒரு பாத்திரத்தில் நீர் வைத்திருப்பார்கள். மாணவர் கண்ணயர்ந்தால் கைநிறைய அள்ளி முகத்தில் தெளிப்பார்கள். அவர் விழித்ததும் பாடம் தொடரும். அவருடைய வறுமையை அறிந்தபோது எண்பது தீனார் அனுப்பி வைத்தார்கள். கூபாவில் கொடுக்கப்பட்ட அந்த நூறு திர்ஹமின் தொடர்ச்சியே இது என்று கூறினால் மிகையாகாது.

இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்களும் இமாம் முஹம்மத் அவர்களிடம் கற்றவர்களே. ஓர் ஒட்டகச் சுமைக் கல்வியை அவர்களிடமிருந்து பெற்றதாக நன்றியுடன் கூறியுள்ளார்கள். ஆகவே நம் கடலோர ஊர்களில் ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றுவோருக்கும், உள்நாட்டு ஊர்களில் ஹனபி மத்ஹபைப் பின்பற்றுவோருக்கும் அந்தப் பாடசபையுடன் உறவுண்டு.

கடைசிப் பாடம்

அபூயூஸுப் (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 182இல் (கி.பி. 798) மரணப் படுக்கையில் இருந்தார்கள். இப்ராஹீம் இப்னுல் ஜர்ராஹ் என்னும் மாணவர் காணச் சென்றார். மயக்கம் தெளிந்து கண் திறந்தவர்கள், ஹஜ்ஜில் கல்லெறிவது நடந்தபடியா, வாகனத்திலிருந்தபடியா, எது சிறந்தது என வினவினார்கள். இந்த நிலையிலுமா என்று மாணவர் திகைத்தார். நடந்து என்றார், தவறு என்றார்கள். வாகனத்தில் என்றார், தவறு என்றார்கள். எந்த இடத்தில் எறிந்தபின் நின்று துஆச் செய்ய வேண்டுமோ அங்கே நடந்தபடி எறிவதும், நிற்க வேண்டாத இடத்தில் வாகனத்திலிருந்து எறிவதும் சிறந்தது என்று விளக்கினார்கள். மாணவர் எழுந்து வெளியேறினார். வாசலை அடையுமுன் உள்ளேயிருந்து அழுகுரல் கேட்டது.

இரண்டு விடைகளும் தவறென்று கூறி மூன்றாவதை விளக்கும் அந்த முறை யாருடையது? துணி வெளுத்தவரின் கூலியைக் கேட்டனுப்பிய ஆசிரியருடையதன்றோ! அவர்கள் மறைந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும், அந்தப் பாடம் மாணவரின் கடைசி மூச்சுவரை உடன் இருந்தது.

நம் மதரஸாக்களிலும் பள்ளிகளிலும் ஆண்டுதோறும் சில இடங்கள் வெறுமையாகின்றன. குடும்பக் கடனுக்காக ஒருவன் கடைக்குப் போகிறான். ஒருவன் கடல் கடக்கிறான். பெயரை அடித்துவிட்டு அடுத்தவனைச் சேர்த்துக்கொள்வது எளிது. பெற்றோரே, மகனை நிறுத்துமுன் அவனுடைய உஸ்தாதிடம் ஒரு சொல் சொல்லுங்கள். ஆசிரியப் பெருமக்களே, வருகைப் பதிவேட்டில் ஒரு பெயருக்கு விடை வராதபோது, அந்த வீட்டு வாசல்வரை ஒருமுறை சென்று வாருங்கள். அங்கே நிற்பவன் நாளைய அபூயூஸுபாக இல்லாதிருக்கலாம். அவன் உங்கள் மாணவன், அது போதும்.