பிறர் பாட்டைப் பாடியவர்கள்: அயர்லாந்தின் ஷோபேண்ட் வரலாறு

பிறர் பாடிப் புகழ்பெற்ற பாடல்களை மேடையில் பாடிக் காட்டும் குழுக்களை மேலைநாடுகளில் 'கவர் பேண்ட்' என்று அழைக்கிறார்கள். தமிழ்நாட்டுத் திருவிழாக்களில் சினிமாப் பாட்டுப் பாடும் மெல்லிசைக் குழுக்களும் ஏறக்குறைய இந்த வகைதான். சொந்தச் சரக்கு இல்லாதவர்கள், நகல் எடுப்பவர்கள் என்று இவர்களைக் குறைத்துப் பேசுவது எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் ஒரு நாட்டின் மேடை இசையில் பெரும்பகுதியை இப்படிப்பட்ட குழுக்களே சுமார் இருபது ஆண்டுகள் தாங்கி நின்றன. அந்த நாடு அயர்லாந்து. அங்கே அவற்றின் பெயர் 'ஷோபேண்ட்'.

எழுந்து நின்ற இசைக்கலைஞர்கள்

1950களின் தொடக்கம் வரை அயர்லாந்தின் நடன அரங்குகளில் வாசித்தவை பெரிய ஆர்கெஸ்ட்ராக்கள். கோட்டு அணிந்து, நாற்காலியில் அமர்ந்து, எதிரே இருக்கும் இசைக்குறிப்பைப் பார்த்து வாசிப்பார்கள். ஸ்ட்ரபேன் என்ற சிற்றூரைச் சேர்ந்த கிளிப்பர் கார்ல்டன் குழு இந்த வழக்கத்தை மாற்றியது. அவர்கள் எழுந்து நின்று வாசித்தார்கள், மேடையில் ஆடினார்கள், பிரபலப் பாடகர்களைப் போல நடித்தும் காட்டினார்கள். இசையோடு 'ஷோ'வும் சேர்ந்ததால் ஷோபேண்ட் என்ற பெயர் நிலைத்தது.

ஒரு ஷோபேண்டில் பொதுவாக ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். கிதார், பேஸ், டிரம்ஸ் ஆகியவற்றோடு டிரம்பெட், டிராம்போன், சாக்ஸபோன் என்ற ஊதுகருவிகளும் உண்டு. புதுப் பாட்டு ஒன்று வெளியானால் இசைத்தட்டு வாங்கியோ, ரேடியோ லக்சம்பர்க் கேட்டோ அதைக் காதாலேயே பிடித்து, தங்கள் கருவிகளுக்கு ஏற்ப மாற்றிக்கொள்வார்கள். ராக், கன்ட்ரி, ஜாஸ், மெதுவான காதல் பாட்டு, ஐரிஷ் நாட்டுப்புறப் பாட்டு என எல்லாமே ஒரே இரவில் வேண்டும். முதலில் 'ரிலீஃப் பேண்ட்' என்ற சிறு குழு கூட்டத்தைச் சூடேற்றும். பிறகு முக்கியக் குழு மேடையேறி நள்ளிரவு தாண்டியும் வாசிக்கும். வந்தவர்கள் ஆடுவதற்காக வந்தவர்கள். பாட்டு பிடிக்காவிட்டால் தளம் காலியாகிவிடும். குழுவின் தரத்தைச் சொல்ல வேறு விமர்சகர் தேவைப்படவில்லை.

ஏன் தேவைப்பட்டார்கள்?

1950களில் அயர்லாந்து வறுமையில் இருந்தது. அந்தப் பத்தாண்டுகளில் மட்டும் சுமார் 4 லட்சம் பேர் வேலை தேடி நாட்டைவிட்டு வெளியேறினார்கள். ஐரிஷ் தொலைக்காட்சி தொடங்கியதே 1961 டிசம்பர் 31 அன்றுதான். எல்விஸ் பிரெஸ்லி தன் வாழ்நாளில் அமெரிக்கா, கனடாவைத் தவிர வேறெங்கும் கச்சேரி செய்ததில்லை. ஒரு கிராமத்து இளைஞனுக்கு எல்விஸ் பாட்டை நேரில் கேட்கும் ஒரே வழி, அதை நன்றாகப் பாடத் தெரிந்த உள்ளூர்க்காரர்தான்.

அப்படிப்பட்டவர்களில் முதன்மையானவர் வாட்டர்ஃபோர்ட் நகரின் ராயல் ஷோபேண்டைச் சேர்ந்த பிரெண்டன் போயர். 1962 ஏப்ரலில் லிவர்பூல் பெவிலியன் தியேட்டரில் ராயல் குழு முக்கிய நிகழ்ச்சி நடத்தியபோது, அதற்குமுன் வாசித்த துணைக்குழு பீட்டில்ஸ். 'ஹக்கிள்பக்' என்ற பழைய அமெரிக்க நடனப் பாட்டை ராயல் குழு இசைத்தட்டாக வெளியிட்டது. 1965ல் அது அயர்லாந்தில் முதலிடம் பிடித்தது. இன்றும் பல ஐரிஷ்காரர்களுக்கு அது போயரின் பாட்டுதான். நகலே அசலாகிவிட்டதற்கு இது ஓர் உதாரணம்.

அரங்குகளைச் சுற்றி ஒரு தொழிலே வளர்ந்தது. 1935ஆம் ஆண்டுச் சட்டப்படி பொது நடனத்துக்கு உரிமம் வேண்டும். பாதிரியார்களின் கண்காணிப்பும் இருந்தது. பெரும்பாலான அரங்குகளில் மது கிடையாது, சோடாவும் தேநீரும்தான். தவக்காலத்தில் பல அரங்குகள் மூடிவிடும். அந்த வாரங்களில் குழுக்கள் இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் போய், புலம்பெயர்ந்த ஐரிஷ் மக்களுக்கு வாசித்தன. அரங்குகள் கட்டிப் பொருள் சேர்த்த சகோதரர்களில் ஒருவர் ஆல்பர்ட் ரெனால்ட்ஸ். 1992ல் அவர் அயர்லாந்தின் பிரதமரானார்.

1975 ஜூலை 31

ஷோபேண்டுகளுக்கு எல்லைக்கோடு கிடையாது. தெற்கே குடியரசிலும் வடக்கே பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த வட அயர்லாந்திலும் வாசித்தன. கத்தோலிக்க, புராட்டஸ்டன்ட் இளைஞர்கள் ஒரே பாட்டுக்கு ஒரே தளத்தில் ஆடினார்கள். 1960களின் இறுதியில் வடக்கில் வன்முறை வெடித்த பிறகும் குழுக்கள் போய்வந்தன. டப்ளினைச் சேர்ந்த மயாமி ஷோபேண்டில் இரு பிரிவினரும் இருந்தார்கள்.

1975 ஜூலை 31 அதிகாலை, பேன்பிரிட்ஜ் ஊரில் வாசித்துவிட்டு மயாமி குழுவில் ஐந்து பேர் வேனில் டப்ளின் திரும்பிக்கொண்டிருந்தார்கள். நியூரி அருகே ராணுவச் சீருடை அணிந்தவர்கள் வேனை நிறுத்தினார்கள். அது போலிச் சோதனைச்சாவடி. நிறுத்தியவர்கள் யூ.வி.எஃப். என்ற ஆயுதக்குழுவினர். வேனில் மறைத்து வைக்க முயன்ற குண்டு முன்னதாகவே வெடித்து, அவர்களில் இருவர் இறந்தார்கள். மற்றவர்கள் இசைக்கலைஞர்களை நோக்கிச் சுட்டார்கள். ஃபிரான் ஓடூல், டோனி ஜெராட்டி, பிரையன் மக்காய் ஆகிய மூவர் கொல்லப்பட்டார்கள். இருவர் காயத்தோடு தப்பினார்கள். இறந்த மூவரில் மக்காய் புராட்டஸ்டன்ட். தண்டனை பெற்றவர்களில் பிரிட்டிஷ் ராணுவத்தின் உள்ளூர்ப் படைப்பிரிவைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். 2021 டிசம்பரில், உயிர்தப்பியவர்களுக்கும் குடும்பத்தினருக்கும் சுமார் 15 லட்சம் பவுண்டு தர பிரிட்டிஷ் தரப்பு ஒப்புக்கொண்டது.

அதன்பின் தெற்கத்திய குழுக்கள் பல வடக்கே போவதை நிறுத்தின. ஏற்கெனவே டிஸ்கோவும், மதுவுடன் நடனம் நடத்திய ஹோட்டல்களும் அரங்குகளின் கூட்டத்தைப் பிரித்துக்கொண்டிருந்தன. 1970களின் முடிவில் ஷோபேண்ட் காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டது.

எஞ்சியது என்ன?

பின்னாளில் உலகப் புகழ் பெற்ற வான் மாரிசன் பெல்ஃபாஸ்டில் மொனார்க்ஸ் என்ற ஷோபேண்டில் வாசித்தவர். கிதார் மேதை ரோரி கேலகர் பதின்ம வயதில் ஃபோன்டானா ஷோபேண்டில் சேர்ந்தார். தினமும் பலவகைப் பாட்டுகளைக் காதால் பிடித்து, ஆடும் கூட்டத்தின் முன் வாசிப்பது அவர்களுக்குப் பள்ளிக்கூடமாக அமைந்தது. சொந்தப் பாட்டு பிறகு வந்தது.

கேலகர் வாழ்நாள் முழுவதும் வாசித்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிதாரும் ஒரு ஷோபேண்டிலிருந்து வந்ததுதான். ராயல் குழுவின் ஜிம் கான்லன் சிவப்பு நிறக் கிதார் கேட்டிருந்தார், வந்ததோ வேறு நிறம். சிவப்பு வந்ததும் இதைக் கார்க் நகரக் கடையில் விற்றுவிட்டார். 1963ல் கேலகர் அதை 100 பவுண்டுக்குத் தவணையில் வாங்கினார். 2024 அக்டோபரில் லண்டன் ஏலத்தில் அது 8 லட்சம் பவுண்டுக்கும் மேல் விலைபோனது. வாங்கிய நிறுவனம் அதை அயர்லாந்தின் தேசிய அருங்காட்சியகத்துக்கே அளிப்பதாக அறிவித்தது. அடுத்தவர் பாட்டை வாசிக்க வாங்கிய கருவி ஒரு நாட்டின் சொத்தாகிவிட்டது.