மேட்டில் காவிரி, பள்ளத்தில் கொள்ளிடம்

ஸ்ரீரங்கத்தில் பிறந்து எழுபத்து மூன்று வயதாகியும், நான் ஒரு தீவில் வசிக்கிறேன் என்று நினைத்துப் பார்த்ததே கிடையாது. தீவு என்றால் சுற்றிலும் கடல், நடுவில் தென்னை மரம், முடிந்தால் ஒரு எரிமலை. பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் படம் போட்டோம். எங்கள் வகுப்பில் ஒரு பையன், மலைக்கோட்டை ஒரு காலத்தில் நெருப்பு கக்கிய மலை என்று அடித்துச் சொல்வான். ரொம்ப நாள் நானும் அதை நம்பிக்கொண்டிருந்தேன்.

போன ஆவணியில் என் பேரன் செல்போனில் வரைபடத்தைப் பெரிதாக்கிக் காட்டி, "தாத்தா, நம்ம வீடு ஐலண்டுல இருக்கு, தெரியுமா?" என்றான். "அரங்கம்னாலே ஆத்துக்கு நடுவுல இருக்கிற திட்டுதானேடா" என்று பெருமையாகச் சொன்னேன். "அப்ப இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடி வரைக்கும் போயிருக்கீங்களா?" என்று கேட்டான். முக்கொம்புக்குப் போயிருக்கிறேன். கல்லணைக்கும் போயிருக்கிறேன். இரண்டும் ஒரே தீவின் தலையும் வாலும் என்று சேர்த்துப் பார்த்ததில்லை. தலையிலிருந்து வால் வரை சுமார் 30 கிலோமீட்டர். ஒரு நாள் போதும்.

பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்ற என் நண்பர் ஒருவர் கூட வருவதாகச் சொன்னார். வாடகைக் கார் பேசி, காலை ஆறரைக்குக் கிளம்பினோம்.

காவிரிப் பாலத்தில் ஏறியதும் எதிரே மலைக்கோட்டை. எரிமலைக் கதையை நண்பரிடம் சொன்னேன். சிரித்தார். "அது நெருப்பு கக்கின மலை இல்ல சார். பூமிக்குள்ள ரொம்ப ஆழத்துல உருவான பாறை. மேல இருந்த மண்ணும் மத்த பாறையும் கோடிக்கணக்கான வருஷமா கரைஞ்சு போயி, கெட்டியானது மட்டும் 83 மீட்டர் உயரத்துக்குத் தலை நீட்டிக்கிட்டு நிக்குது" என்றார். மைசூர்ப் பக்கத்து ஸ்ரீரங்கப்பட்டணமும் சிவசமுத்திரமும் நம் ஸ்ரீரங்கமும் காவிரியின் மூன்று அரங்கங்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அவை இரண்டும் பாறைமேல் இருக்கும் தீவுகள். நம்முடையது ஆறு கொண்டுவந்து போட்ட மணலும் வண்டலும். மலைக்கோட்டைப் பாறைக்கும் ராஜகோபுரத்துக்கும் நடுவே ஒரு காவிரிதான். ஆனாலும் ஒன்று நிற்பது கல்லில், மற்றொன்று நிற்பது மணலில்.

கரூர் சாலையில் ஜீயபுரம் தாண்டி முக்கொம்பு. ஒன்றாக வரும் ஆறு இங்கே இரண்டாகப் பிரிகிறது. வருவது ஒரு கொம்பு, போவது இரண்டு கொம்பு. நாங்கள் போன அன்று காவிரியில் கரை தொட்டுத் தண்ணீர் ஓடியது. கொள்ளிடத்தில் மணலும் நாணலும், நடுவில் ஒரு வாய்க்கால் அளவுக்கு நீரும்தான். "ரெண்டும் ஒரே ஆறுதானே, ஏன் ஒண்ணுல மட்டும் தண்ணி?" என்றான் பேரன்.

அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்தத் தீவின் சரித்திரம்.

கொள்ளிடம் பள்ளமான ஆறு. சரிவும் அதிகம். தண்ணீரை அதன் இஷ்டத்துக்கு விட்டால் பள்ளம் பார்த்துக் கொள்ளிடத்தில் இறங்கிக் கடலுக்குப் போய்விடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதுதான் நடந்துகொண்டிருந்தது. காவிரியில் மணல் மேடிட்டு, தஞ்சாவூர் வயல்களுக்குப் போகும் தண்ணீர் வருஷத்துக்கு வருஷம் குறைந்தது. ஆர்தர் காட்டன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர், கொள்ளிடம் பிரியும் இடத்திலேயே குறுக்கே ஓர் அணை கட்டினார். 1836-இல் கட்டிய மேலணை அதுதான். கொள்ளிடத்தைத் தடுத்தார், காவிரி பிழைத்தது.

ஆனால் ஆறு அதோடு விடவில்லை. இப்போது காவிரியில் தண்ணீர் அதிகமாகி, கரைகளுக்கு ஆபத்து வந்தது. சில வருஷங்களுக்குள்ளேயே மேலணையின் நடுப்பகுதியைக் கொஞ்சம் இறக்கினார்கள். காவிரி வாயிலும் குறுக்கே ஒரு தளம் போட்டார்கள். "தராசுல ஒரு தட்டுல கை வெச்சா அடுத்த தட்டு தூக்கும் சார். ஆத்துலயும் அதே கணக்குதான்" என்றார் நண்பர்.

அந்த மேலணையின் கொள்ளிடப் பக்கத்தில்தான் 2018 ஆகஸ்ட் 22 இரவு மதகுகள் உடைந்தன. மொத்தம் ஒன்பது மதகுகள் போயின. மேட்டூர் நிரம்பி வழிந்த வருஷம் அது. அதே மாதத்தில், 1928-இல் கட்டிய பழைய கொள்ளிடம் இரும்புப் பாலத்தின் தூண்களும் சாய்ந்தன. வயதான கட்டுமானம் என்று சிலர் சொன்னார்கள். மணலை அள்ளி அள்ளி ஆற்றுப் படுகையே தாழ்ந்துவிட்டது என்று வேறு சிலர் சொன்னார்கள். பிறகு 387 கோடி ரூபாய் செலவில் புதிய கதவணை வந்தது. அதைக் காட்டிய நண்பர், "கட்டடத்தைப் புதுசா கட்டிடலாம். படுகையை எப்படிக் கட்டறது?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. காரணம் பின்னால் வருகிறது.

வந்த வழியே திரும்பி, திருவானைக்காவலில் காபி சாப்பிட்டுவிட்டுக் கிழக்கே கல்லணை சாலையில் போனோம். ஜம்புகேஸ்வரர் சன்னதியில் நீர் ஊறுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பஞ்சபூதத் தலங்களில் இது அப்புத்தலம் ஆனதில் ஆச்சரியம் என்ன? இரண்டு பக்கமும் ஆறு, காலடியில் மணல்.

திருவளர்சோலை, பனையபுரம், உத்தமர்சீலி, கிளிக்கூடு என்று ஊர்கள் வரிசையாக வருகின்றன. எங்கே பார்த்தாலும் வாழை. உத்தமர்சீலியில் சாலை தாழ்ந்து ஒரு தரைப்பாலமாக இருக்கிறது. பெருவெள்ளம் வரும்போது காவிரித் தண்ணீர் இந்தத் தரைப்பாலத்தின் மேல் ஏறிக் கொள்ளிடம் பக்கம் போகும். அப்போது சாலை போக்குவரத்து நின்றுவிடும், வாழை மூழ்கும்.

வண்டியை நிறுத்தி, வரப்பில் நின்றுகொண்டிருந்த ஒரு விவசாயியிடம் பேச்சுக் கொடுத்தேன். "காவிரி மேட்டுல போகுதுங்க அய்யா, கொள்ளிடம் பள்ளத்துல போகுது. மேட்டுத் தண்ணி பள்ளத்துக்கு இறங்காம என்ன பண்ணும்?" என்றார். முக்கொம்பில் நண்பர் அரை மணி நேரம் சொன்னதை அவர் ஒரே மூச்சில் முடித்துவிட்டார். "வாழை போனா நஷ்டம் இல்லையா?" என்று கேட்டேன். "நஷ்டந்தான். ஆனா வண்டலும் அதே தண்ணிலதானே வருது" என்றார்.

தீவின் வால் கல்லணை. காவிரி இங்கே உள்ளாறு வழியாகக் கொள்ளிடத்தில் விழப் பார்க்கிறது. அதைத்தான் கல்லணை மறித்து நிற்கிறது. கரிகாலன் கட்டியது என்று வழிவழியாகச் சொல்கிறோம். பழைய கல் அணை சுமார் 1080 அடி நீளம், 40 முதல் 60 அடி அகலம், பாம்பு மாதிரி வளைந்து போகும். இப்போது நம் கண்ணுக்குத் தெரியும் மதகும் பாலமும் எல்லாம் பிற்காலத்தில் அதன்மேல் சேர்த்தவை.

இங்கே தோண்டினால் அஸ்திவாரத்துக்குப் பாறை கிடைக்காது. பெரிய கல்லை மணலில் போட்டால், ஓடும் தண்ணீர் அடியில் இருக்கும் மணலை அரிக்கும், கல் கீழே இறங்கும். அதன்மேல் அடுத்த கல், அதற்கும் மேல் இன்னொன்று. இறங்குவது நிற்கும்வரை போட்டுக்கொண்டே போய், களிமண்ணால் பிணைத்து மேலே எழுப்பியிருக்கிறார்கள். ஆழம் தெரியாத மணலில் அணை கட்டும் இந்த வித்தையைக் காட்டன் இங்கேதான் கற்றார். பிறகு கோதாவரியில் தவளேஸ்வரம் அணை கட்டும்போதும் அது அவருக்குக் கைகொடுத்தது. ஆந்திராவில் இன்றும் அவருக்கு மாலை போடுகிறார்கள். அவருக்குக் கற்றுக்கொடுத்தவர்களின் பெயர் யாருக்கும் தெரியாது.

கல்லணையில் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிடும்போது பேரன் கேட்டான்: "மணல் போனா ஆறு திரும்பக் கொண்டு வராதா தாத்தா?" நண்பர் பதில் சொன்னார். 1934-இல் மேட்டூர் அணை வந்த பிறகு, மேலேயிருந்து வரும் மணலில் பெரும்பகுதி அங்கேயே தங்கிவிடுகிறது. அதற்குக் கீழே நாம் அள்ளியது அள்ளியதுதான்.

இப்போது காரணத்தைச் சொல்கிறேன். 1986-இல் நான் வீடு கட்டினேன். மேஸ்திரி, "கொள்ளிடத்து மணல்னா கையில பிசைஞ்சாக்கூட தூசி ஒட்டாது சார்" என்றார். மாட்டு வண்டி மாட்டு வண்டியாக வந்து இறங்கியது. வேண்டியதற்கு மேலேயே வாங்கினேன். மிச்சம் வாசலில் குவிந்து கிடந்தது, தெருக் குழந்தைகள் ஒரு வருஷம் அதில் விளையாடினார்கள். எவ்வளவு நல்ல மணல் என்று பார்த்தவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டேன். அன்று எனக்குத் தப்பாகத் தோன்றவில்லை. ஊரில் எல்லோரும் அப்படித்தான் கட்டினார்கள். 2018-இல் மதகு உடைந்த செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்து, மணல் அள்ளுகிறவர்களைத் திட்டினேன். என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டுதான் திட்டினேன்.

நான் வாங்கிய சில வண்டி மணலால் அணை உடைந்துவிடவில்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் சில வண்டி, சில வண்டியாகத்தானே அத்தனையும் போனது. எரிமலைத் தீவு என்றால் பூமிக்குள்ளிருந்து கல் வந்துகொண்டே இருக்கும், தீவு வளரும். நம் தீவுக்கு அப்படி ஒரு வரவு கிடையாது. கரிகாலன் காலத்திலிருந்து யாராவது ஒருத்தர் கல் போட்டுக்கொண்டே இருந்ததால்தான் இரண்டு ஆறும் அதனதன் வழியில் போகின்றன. அவர்கள் போட்டார்கள், எங்கள் தலைமுறை எடுத்தது.

வீடு திரும்பியபோது மணி ஐந்து. அந்த வாரமே பேரன் பள்ளிக்கூடத்துக்குக் கட்டுரை எழுதினான். கல்லணையும் மேலணையும் சரியாகவே எழுதியிருந்தான். கடைசியில், "எங்கள் தாத்தா வீடு கொள்ளிடம் மணலால் கட்டியது, அதனால் மிகவும் உறுதியானது" என்று ஒரு வரி. படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். அடிக்கச் சொல்லவில்லை, உண்மைதானே.

தண்ணீர் வரும் காலத்தில் நீங்களும் ஒரு நாள் இந்தப் பாதையில் போய்வாருங்கள். உத்தமர்சீலி தரைப்பாலத்தில் கொஞ்ச நேரம் இறங்கி நின்று, இரண்டு பக்கமும் பாருங்கள்.