கட்டுப்பாட்டு ஓட்டுநர் உரிமம், வர்ஜீனியா

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் குடித்துவிட்டு வண்டி ஓட்டி முதன்முறை தண்டனை பெற்றவர் ஓராண்டுக்கு உரிமத்தை இழக்கிறார். ஆனால் வேலை, படிப்பு, மருத்துவம், வழிபாடு போன்ற தேவைகளுக்கு மட்டும் ஓட்ட நீதிமன்றம் அனுமதிக்கலாம். இதை வெறும் சலுகை என்பது மேலோட்டமான பார்வை. பேருந்தே எட்டிப்பார்க்காத ஊர்ப்புறத்தில் முழுத்தடை விதித்தால் பலர் உரிமமின்றியே ஓட்டுவார்கள், கண்காணிக்க வழியிருக்காது. அனுமதி பெற்றவரோ மது பாதுகாப்புத் திட்டத்தில் சேர வேண்டும். 2012 ஜூலை முதல், முதல் குற்றத்துக்கும் வண்டியில் மூச்சுச் சோதனைப் பூட்டு கட்டாயம். இரத்த மதுவளவு 0.02 விழுக்காட்டைத் தாண்டினால் எஞ்சின் கிளம்பாது. வேறொருவரை ஊதச் சொல்லி ஏமாற்றலாமே என்பார்கள். அதற்காகவே ஓடும்போதும் கருவி மறுசோதனை கேட்கிறது, முடிவுகளைப் பதிந்துவைக்கிறது. செலவு ஓட்டுநருடையது, ஏழைக்கு அது சுமை என்ற ஆட்சேபம் மட்டும் எளிதில் தள்ளக்கூடியதல்ல.