முதியோர் கல்வி: சொல்லும் கருவியும்

1. முன்னுரை

ஆங்கிலத்தில் ‘அடல்ட் எஜுகேஷன்’ எனப்படுவதற்குத் தமிழில் நெடுங்காலம் வழங்கிய தொடர் ‘முதியோர் கல்வி’ என்பதாகும். இந்தியின் ‘பிரௌட சிக்ஷா’ முதிர்ச்சி பெற்றவரையும், கன்னடத்தின் ‘வயஸ்கர சிக்ஷண’ வயது வந்தவரையும் சுட்ட, தமிழ்த் தொடர் முதுமையையே முதலில் நினைவூட்டுகிறது. ஆயின் அப்பெயரில் நடந்த திட்டங்களில் முதியோர் பெற்ற இடம் யாது? கல்விக்குப் பயன்பட்ட கருவிகளின் வரலாற்றோடு இணைத்து இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. செவிவழிக் கல்வி

1956ஆம் ஆண்டில் புணே வானொலி நிலையம், யுனெஸ்கோவின் துணையுடன், ஐந்து மாவட்டங்களைச் சேர்ந்த 150 சிற்றூர்களில் வானொலி உழவர் மன்றங்களை நடத்தியது. ஊரார் ஒன்றுகூடி மராத்தி நிகழ்ச்சியைக் கேட்டனர். கேட்டதைப் பற்றி விவாதித்தனர். எழுந்த ஐயங்களை நிலையத்திற்கு அனுப்பினர். கற்பதற்கு எழுத்தறிவு இங்கு முன்நிபந்தனையாக இல்லை. பட்டறிவு மிக்க முதிய உழவரும் விவாதத்தில் பங்குகொள்ள இம்முறை இடமளித்தது. 1960களில் தஞ்சைப் பகுதியில் பரவிய ஏ.டி.டி. 27 நெல்லுக்கு ‘ரேடியோ நெல்’ என்ற பெயர் ஏற்பட்டமை, கேட்டறிந்த அறிவு வயலுக்குச் சென்றதற்குச் சொல்வழிச் சான்றாகும்.

1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை நடைபெற்ற செயற்கைக்கோள்வழித் தொலைக்காட்சிச் சோதனை, ஆறு மாநிலங்களின் ஏறத்தாழ 2,400 சிற்றூர்களைச் சென்றடைந்தது. காலையில் பள்ளிச் சிறாருக்கும் மாலையில் பெரியோருக்கும் நிகழ்ச்சிகள் ஒளிபரப்பாயின. இந்தி, ஒரியா, தெலுங்கு, கன்னடம் ஆகிய நான்கே மொழிகள் பயன்பட்டன. பீகார், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் ஆகிய மூன்றிற்கும் இந்தி ஒன்றே பொதுவாயிற்று. வீட்டுப் பேச்சிலிருந்து விலகிய பொதுமொழி, பள்ளி செல்லாத முதியவருக்கே மிகுந்த தொலைவிலுள்ளது என்பதை மொழிபெயர்ப்பாளர் கருத்திற்கொள்ள வேண்டும்.

3. வயது வரம்பு

1978 அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கிய தேசிய வயது வந்தோர் கல்வித் திட்டமும், 1988ஆம் ஆண்டின் தேசிய எழுத்தறிவு இயக்கமும் 15 முதல் 35 வயது வரையினரையே முதன்மை இலக்காகக் கொண்டன. உழைப்பில் ஈடுபடும் வயதினருக்கு முன்னுரிமை என்பது இதன் அடிப்படை. இதனால் ‘முதியோர் கல்வி’ முதியோரை விலக்கிய கல்வியாயிற்று. 2009இல் தொடங்கிய ‘சாட்சர் பாரத்’ 15 வயதுக்கு மேற்பட்ட அனைவரையும் ஏற்றது. எனினும் 2017இல் ஊரகக் கணினியறிவுக்கென வந்த நடுவணரசுத் திட்டம் 14 முதல் 60 வயது வரை என மீண்டும் எல்லை வகுத்தது. கருவி மாறியது, வரம்பு திரும்பியது.

கேரளத்தின் அனுபவம் இதற்கு மாறானது. ‘டிஜி கேரளம்’ திட்டத்தின் நிறைவில், 2025 ஆகஸ்டு 21ஆம் நாள் அம்மாநிலம் முழு எண்ணிமத் தேர்ச்சி பெற்றதாக அறிவிக்கப்பட்டது. பயிற்சி பெற்றோருள் நூறு வயதைக் கடந்தவரும் இருந்தார். தன்னார்வலர்கள் இல்லந்தோறும் சென்று, கற்பவரின் மொழியிலேயே கைபேசியைக் கையாளக் கற்பித்தனர்.

4. முடிவுரை

வானொலியும் தொலைக்காட்சியும் எழுத்தறியாதாரையும் ஏற்றன. கணினியோ எழுத்தை மீண்டும் வாயிலாக்கியது. கைபேசியின் குரல்வழி வசதி அவ்வாயிலைச் சற்றே திறந்திருக்கிறது. ஆயினும் திரையில் தோன்றும் கட்டளைச்சொல் விளங்காதபோது முதியவர் பேரனையே நாட வேண்டியுள்ளது. ஓய்வூதியமும் வங்கிக்கணக்கும் திரைவழியே இயங்கும் இந்நாளில், அச்சொல் விளங்காமை அவருடைய உரிமையையே பாதிக்கும். எனவே கலைச்சொல் ஆக்குவோர் தம் சொற்களை முதியோரிடமே சோதித்தறிதல் இன்றியமையாதது. ‘முதியோர் கல்வி’ என்னும் பழந்தொடர் அப்போதுதான் தன் பொருளைப் பெறும் எனலாம்.