மூன்றில் ஒன்று கிளைசின்: ஜி.என். ராமச்சந்திரன் கதையும் என் தங்கச்சி பையன் கதையும்

ரொம்ப நாளாக எழுத நினைத்து, ஆபீஸில் ஆணி அதிகம் என்று சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்ட பதிவு இது. கொஞ்சம் நீளம். சொந்தக் கதையும் இருக்கிறது, வரலாறும் இருக்கிறது. இரண்டையும் பிரித்து எழுதிப் பார்த்தேன், வரவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தங்கச்சி இருப்பது திருச்சியில். அத்தை மகனைத்தான் கட்டியிருக்கிறாள். அவள் பையனுக்கு ஒன்றே கால் வயதில் சோபாவிலிருந்து இறங்கும்போது தொடை எலும்பு முறிந்தது. சரி, குழந்தை விழுந்துவிட்டான் என்று விட்டுவிட்டோம். அப்புறம் கை. அப்புறம் மறுபடி கால். மூன்று வயதுக்குள் நான்கு மாவுக்கட்டு. ஊரில் ஒரு ஆஸ்பத்திரியில் "வீட்ல யாராவது புள்ளய அடிக்கிறீங்களா?" என்று நேராகவே கேட்டுவிட்டார்கள். அவர்கள் கேட்டதில் தப்பில்லை, கேட்கத்தான் வேண்டும். ஆனால் அன்றைக்கு ராத்திரி போனில் அவள் அழுத அழுகை எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. வீட்டில் அத்தை வேறு, "மாசமா இருந்தப்ப பால் குடிடின்னு தலையால அடிச்சுக்கிட்டேன், கேட்டியா?" என்று. அக்கம்பக்கத்தில், "சொந்தத்துல கட்டுனா இப்படித்தான்" என்று.

ஒரு சனிக்கிழமை விடிகாலை மடிவாலாவில் பஸ்ஸை விட்டு இறங்கினார்கள். பெங்களூரில் காட்டினோம். டாக்டர் முதலில் பார்த்தது எலும்பை இல்லை, கண்ணை. வெள்ளை விழியில் லேசாக நீலம் ஓடியிருந்தது. நாங்கள் எல்லாரும் அதை அழகு என்று நினைத்துக்கொண்டிருந்தோம். வியாதியின் பெயர் ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பர்ஃபெக்டா. எலும்பு நொறுங்கும் நோய். ஏறக்குறைய 15,000 முதல் 20,000 பிறப்புகளில் ஒன்று. ரத்தம் எடுத்து மரபணுச் சோதனைக்கு அனுப்பினார்கள்.

ரிப்போர்ட்டில் பக்கம் பக்கமாக என்னவோ இருந்தது. விஷயம் ஒரே வரிதான்: முதல் வகைக் கொலாஜனின் ஆல்ஃபா-1 சங்கிலியில், கிளைசின் இருக்க வேண்டிய ஒரு இடத்தில் செரின் இருக்கிறது. அவ்வளவுதான். ஆயிரத்துக்கு மேல் மணி கோத்த மாலையில் ஒரே ஒரு மணி மாறிவிட்டது.

"ஒரு மணி மாறினா எலும்பு உடையுமா சார்?" என்று கேட்டேன். டாக்டர் பேப்பரில் மூன்று கோடு போட்டு, சடை பின்னுவது மாதிரி முறுக்கிக் காட்டினார். "இதைக் கண்டுபிடிச்சவர் உங்க மெட்ராஸ்ல இருந்தவர்தான். அப்புறம் இங்க, டாட்டா இன்ஸ்டிடியூட்டுக்கு வந்தாரு" என்றார்.

பொட்டி தட்டிப் பிழைக்கும் எனக்கு அந்தப் பெயர் அதற்கு முன்னால் தெரியாது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். அவர் படித்த திருச்சி செயின்ட் ஜோசப்ஸ் காலேஜ் வாசலில் நான் எத்தனையோ தடவை டீ குடித்திருக்கிறேன்.

கோபாலசமுத்திரம் நாராயண ராமச்சந்திரன். சுருக்கமாக ஜி.என்.ஆர். 1922 அக்டோபர் 8-ம் தேதி எர்ணாகுளத்தில் பிறந்த தமிழர். அப்பா அங்கே மகாராஜா கல்லூரியில் கணக்கு வாத்தியார். செயின்ட் ஜோசப்ஸில் பி.எஸ்ஸி. ஆனர்ஸ் முடித்துவிட்டு 1942-ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்கு (இங்கே ஆட்டோக்காரருக்கு இன்றைக்கும் அது டாட்டா இன்ஸ்டிடியூட்தான்) வருகிறார். சேர்ந்தது எலெக்ட்ரிக்கல் எஞ்ஜினியரிங்கில். இயற்பியல் துறைத் தலைவராக அப்போது இருந்தவர் இன்னொரு திருச்சிக்காரர், திருவானைக்காவலில் பிறந்த சி.வி. ராமன். பையனைப் பார்த்துவிட்டு, இவ்வளவு கெட்டிக்காரன் உங்கள் துறைக்கு எதற்கு என்று இழுத்துக்கொண்டார் என்று சொல்வார்கள். எக்ஸ் கதிர்களைக் கொண்டு படிகங்களை ஆராயும் வித்தையை இங்கேதான் கற்றார். 1947-ல் கேம்பிரிட்ஜ் போய், இரண்டு வருஷத்தில் டாக்டர் பட்டத்தோடு திரும்பி, மறுபடி பெங்களூரிலேயே உதவிப் பேராசிரியர்.

1952-ல் மெட்ராஸ் பல்கலைக்கழகத்துக்கு இயற்பியல் பேராசிரியர் தேவைப்பட்டது. துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார் ராமனிடம் கேட்க, ராமன் கைகாட்டியது ஜி.என்.ஆரை. வயது அப்போதுதான் முப்பது. துறைத் தலைவர்! நமக்கெல்லாம் முப்பதில் டீம் லீட் ஆவதே பெரும்பாடு.

கிண்டியில் எக்ஸ் கதிர்க் கூடம் அமைத்தாயிற்று. என்ன பிரச்சினையை எடுப்பது? அந்தச் சமயம் லண்டனிலிருந்து வந்திருந்த ஜே.டி. பெர்னால் என்ற படிகவியல் மேதை, கொலாஜனின் அமைப்பு இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். கொலாஜன் என்றால் நம் தோல், எலும்பு, தசைநாண் எல்லாவற்றையும் கட்டிப் பிடித்திருக்கும் புரதம். ஆட்டுக்கால் பாயா ஆறினால் ஜெல்லி மாதிரி உறைகிறதே, அது கொதித்து அவிழ்ந்த கொலாஜன். மெட்ராஸில் அதற்குப் பஞ்சமே இல்லை. பக்கத்திலேயே மத்தியத் தோல் ஆராய்ச்சிக் கழகம். ஆட்டுத்தோல், மாட்டுத்தோல் தவிர, கங்காரு வாலின் தசைநாண் கூட வரவழைத்துப் படம் எடுத்தார்கள்.

அவருக்குத் துணை கோபிநாத் கர்த்தா. எக்ஸ் கதிர்ப் படங்களோடு இன்னொரு தடயமும் கிடைத்தது. எந்த மிருகத்தின் கொலாஜனை எடுத்து அலசினாலும், அமினோ அமிலங்களில் மூன்றில் ஒரு பங்கு கிளைசின். ஏன் சரியாக மூன்றில் ஒன்று?

ஜி.என்.ஆர். சொன்ன பதில்: கொலாஜன் ஒரு சங்கிலி இல்லை, மூன்று சங்கிலிகள் சேர்ந்த முப்புரி. ஒவ்வொரு சங்கிலியிலும் மூன்றாவது மணி எல்லாம் உள்பக்கம் நடுவை நோக்கி வந்து நிற்கும். நடுவிலோ இடமே கிடையாது. இருபது அமினோ அமிலங்களில் ஆகச் சிறியது கிளைசின், பக்கவாட்டில் அதற்கு ஒரே ஒரு ஹைட்ரஜன் அணுதான். அது மட்டும்தான் அங்கே நுழையும். அதனால்தான் மூன்றில் ஒன்று. 1954 ஆகஸ்டில் 'நேச்சர்' இதழில் வந்தது. அடுத்த வருஷம் அந்த மூன்றும் ஒன்றையொன்று மெல்ல முறுக்கிக்கொண்டிருக்கின்றன என்று திருத்தி மறுபடி எழுதினார்கள். டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் வந்தது 1953-ல். அடுத்த வருஷமே முச்சுருள், அதுவும் கிண்டியிலிருந்து!

இப்போது என் மருமகனின் ரிப்போர்ட்டுக்கு வாருங்கள். கிளைசின் இடத்தில் செரின். செரின் கொஞ்சம் பெரிசு, நடுவில் அடங்காது. சடை பின்னும்போது நடுவில் ஒரு சின்னக் குச்சி மாட்டினால் என்ன ஆகும்? அந்த இடத்தில் பின்னல் தடுமாறும். எனக்கு இன்னொரு சந்தேகம் இருந்தது. அவனுக்கு இந்த மரபணு இரண்டு பிரதி, ஒன்றில்தானே தப்பு? பாதி நல்ல கொலாஜன் வருமே? கணக்குப் போட்டால் வயிறு கலங்கியது. ஒரு முப்புரியில் ஆல்ஃபா-1 சங்கிலி இரண்டு, ஆல்ஃபா-2 ஒன்று. இரண்டு ஆல்ஃபா-1-ம் நல்லதாக அமைவது, இரண்டு காசைச் சுண்டி இரண்டிலும் தலை விழுவது மாதிரி. நாலில் ஒன்று. மீதி முக்கால் பங்கிலும் ஒரு கெட்ட சங்கிலியாவது இருக்கும்.

கொலாஜன் மரபணுவில் கோளாறு இருப்பதால் இந்த வியாதி வருகிறது என்பது 1983-ல் தெரிந்தது. ஒரே ஒரு கிளைசின் மாறினாலே போதும் என்பது 1986-ல். ஜி.என்.ஆர். போட்ட விதி அப்போது முப்பது வருஷப் பழசு.

ஆனால் கதை அத்தனை சுமுகமாகப் போகவில்லை. 1955-லேயே டி.என்.ஏ. புகழ் பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் ஒரு குறை சொன்னார்கள். முப்புரி சரி, ஆனால் உங்கள் மாதிரியில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன, ஹைட்ரஜன் பிணைப்பு மூன்று மணிக்கு இரண்டு இல்லை, ஒன்றுதான் என்றார்கள். 1994-ல் கொலாஜன் போன்ற ஒரு சிறு மூலக்கூறின் படிகத்தை நுணுக்கமாகப் பார்த்தபோது நேரடிப் பிணைப்பு ஒன்றுதான் என்று தெரிந்தது. தண்ணீர் மூலக்கூறுகள் பாலம் போட்டிருப்பதும் தெரிந்தது. அந்த விவரத்தில் கிரிக் பக்கம்தான் நியாயம். நம்ம ஊர்க்காரர் என்பதற்காக மறைக்க வேண்டியதில்லை.

எனக்குப் பிடித்தது ஜி.என்.ஆர். அந்தக் குறைக்குப் பதில் தேடிய விதம்தான். கோபித்துக்கொண்டு உட்காரவில்லை. "அளவுக்கு மீறி நெருக்கம் என்றால், அளவு எது?" என்று தேட ஆரம்பித்தார். அதுவரை வெளியான படிக அமைப்புகளை எல்லாம் அலசி, எந்த அணு எந்த அணுவை எவ்வளவு நெருங்கலாம் என்று பட்டியல் போட்டார். அப்புறம் வி. சசிசேகரன், சி. ராமகிருஷ்ணன் என்ற இருவரோடு சேர்ந்து அடுத்த கேள்வி. புரதச் சங்கிலியில் ஒவ்வொரு மணிக்கும் இரண்டு இடத்தில் திரும்ப வசதி உண்டு. எந்தெந்தக் கோணத்தில் திரும்பினால் அணுக்கள் முட்டாது? விடையை ஒரு சதுரப் படத்தில் வரைந்தார்கள். கொஞ்சம் இடம்தான் அனுமதி, பெரும்பகுதி தடை. 1963-ல் வெளியான அந்தப் படத்துக்கு உலகம் வைத்த பெயர் ராமச்சந்திரன் வரைபடம்.

இன்றைக்கும் உலகத்தில் யார் எந்தப் புரதத்தின் அமைப்பைக் கண்டுபிடித்துப் பொதுத் தரவு வங்கிக்கு அனுப்பினாலும், இந்தப் படத்தில் வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள். எத்தனை மணி தடைப் பகுதியில் நிற்கிறது என்பது அந்த அமைப்பின் மதிப்பெண் மாதிரி. 2022-ல் ஆல்ஃபாஃபோல்ட் என்ற செயற்கை நுண்ணறிவு நிரல் 20 கோடிக்கு மேற்பட்ட புரதங்களின் அமைப்பைக் கணித்துக் கொட்டியது. 2024-ல் அதற்கு வேதியியல் நோபலில் பங்கும் கிடைத்தது. அந்தக் கணிப்புகளையும் வைத்துப் பார்ப்பது அதே சதுரத்தில்தான். 2023-ல் வந்த அதன் தம்பி ஆல்ஃபாமிஸென்ஸ், மனிதப் புரதங்களில் ஒரு மணி மாறக்கூடிய சுமார் 7 கோடியே 10 லட்சம் விதங்களையும் ஆபத்தா இல்லையா என்று தரம் பிரிக்கப் பார்க்கிறது. ஆனால் கொலாஜனின் முப்புரியில் கிளைசின் போனால் வம்பு என்று சொல்ல, 1954-ன் அந்த இரண்டு பக்கமே போதும்.

லட்சுமணசாமி முதலியார் ஓய்வு பெற்ற பிறகு ஜி.என்.ஆருக்கு மெட்ராஸில் மனம் ஒட்டவில்லை. டாட்டா இன்ஸ்டிடியூட்டின் இயக்குநர் சதீஷ் தவான் கூப்பிட, மூன்றாவது தடவையாகப் பெங்களூருக்குப் பெட்டி கட்டினார். 1971-ல் மூலக்கூறு உயிர் இயற்பியல் பிரிவு உருவானது. இன்றைக்கும் நடக்கிறது. கடைசிக் காலத்தில் பார்க்கின்சன் நோய் படுத்தியது. 1998-ல் மனைவி போனார். 2001 ஏப்ரல் 7-ம் தேதி சென்னையில் அவரும் போய்ச் சேர்ந்தார்.

தங்கச்சிக்கும் மாப்பிள்ளைக்கும் கூடச் சோதனை செய்தார்கள். இரண்டு பேரிடமும் அந்த மாற்றம் இல்லை. பையனிடம் புதிதாக நேர்ந்தது. பால் குடிக்காததால் இல்லை, சொந்தத்தில் கட்டியதால் இல்லை, யாரும் அடித்ததால் இல்லை. (சொந்தத்தில் கட்டினால் வரும் வகையும் உண்டு. கொலாஜனைப் பக்குவப்படுத்தும் வேறு மரபணுக்களில் அந்தக் கோளாறு. முதலாவது 2006-ல் தெரிய வந்தது. ஆகவே சோதனை செய்யாமல் எந்தப் பக்கமும் தீர்ப்புச் சொல்லக்கூடாது.) ரிப்போர்ட்டைத் தமிழில் எழுதி, மூன்று புரிச் சடைப் படம் போட்டு அத்தைக்கு விளக்கினேன். அத்தை ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் தங்கச்சியைப் பார்த்து, "நீ சாப்பிட்டியாடி?" என்றார். எங்கள் அத்தையிடமிருந்து மன்னிப்பு அந்த ரூபத்தில்தான் வரும்.

பையனுக்கு இப்போது எட்டு வயது. எலும்பு கரைவதைக் குறைக்கும் மருந்து சில மாதத்துக்கு ஒரு தடவை டிரிப்பில் ஏறுகிறது. குணமாகவில்லை, முறிவு குறைந்திருக்கிறது. ஓட்டப் பந்தயம் கிடையாது, கேரமில் என்னை ஓட ஓட அடிக்கிறான். போன தடவை வந்தபோது டாட்டா இன்ஸ்டிடியூட்டைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் நாள். கூட்டிப் போனேன். மரங்களுக்கு நடுவே மெதுவாக நடந்து அந்தப் பிரிவின் வாசலில் நின்றோம். "உன் எலும்பில எந்த எழுத்து மாறியிருக்குன்னு புரிஞ்சுக்க வழி காட்டினவர் இங்கதான்டா இருந்தாரு" என்றேன். "அப்ப அதைச் சரி பண்றது யாரு மாமா?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை. "யாராவது இப்ப படிச்சுக்கிட்டு இருப்பாங்க" என்று சொல்லி வைத்தேன்.

உங்கள் உறவில் ஏதாவது குழந்தைக்கு லேசாக விழுந்ததற்கெல்லாம் எலும்பு முறிந்தால், தயவுசெய்து தாயைக் குற்றம் சொல்வதற்கு முன்னால் ஒரு மரபணு மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். இந்தப் பதிவை எழுதியதே அதற்காகத்தான்.

கொசுறு: 1971-ல் ஜி.என்.ஆரும் ஏ.வி. லட்சுமிநாராயணனும் எக்ஸ் கதிர் நிழல்களைச் சேர்த்து உள்ளுறுப்பின் உருவத்தைத் திரும்பக் கட்ட ஒரு சுருக்கமான கணக்கு முறையைக் கொடுத்தார்கள். சி.டி. ஸ்கேன் துறையில் 'ராம்-லாக்' வடிகட்டி என்பது இவர்கள் இருவர் பெயர்தான். அடுத்த தடவை ஸ்கேன் எடுக்கப் படுக்கும்போது நினைத்துக்கொள்ளுங்கள்.