உயிலைக் காப்பாற்றிய இளைஞர்



நோபல் பரிசு என்றதும் நமக்குத் தாகூர் நினைவுக்கு வருவார், சர் சி.வி. இராமன் நினைவுக்கு வருவார். பரிசை ஏற்படுத்தியவர் டைனமைட்டைக் கண்டுபிடித்த ஆல்ஃபிரட் நோபல் என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். ராக்னர் சோல்மன் என்ற பெயரை நம்மில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்? அவர் இல்லையென்றால் இந்தப் பரிசே பிறக்காமல் போயிருக்கக்கூடும்.

நோபல் 1833-இல் சுவீடனில் பிறந்தவர். 1864-இல் தொழிற்கூடத்தில் ஏற்பட்ட வெடிவிபத்தில் தம்பி எமிலைப் பறிகொடுத்தார். மூன்றே ஆண்டுகளில் டைனமைட்டுக்குக் காப்புரிமை பெற்றார், செல்வம் குவிந்தது. மனைவி, மக்கள் கிடையாது. தம் மரணச் செய்தியைத் தாமே நாளேட்டில் படித்து மனம் மாறினார் என்றொரு கதையை நாம் மேடைதோறும் சொல்கிறோம்; நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் உயிலில் அப்படி ஒரு வரியும் இல்லை.

அந்த உயிலை 27 நவம்பர் 1895-இல் பாரிஸில் வழக்குரைஞர் துணையின்றித் தாமே எழுதிக் கையொப்பமிட்டார். அடுத்த ஆண்டு டிசம்பர் 10-இல் இத்தாலியில் காலமானார். பிறகுதான் சிக்கல் தொடங்கியது. பணத்தைப் பெற்றுக்கொள்ள ஓர் அறநிறுவனமே அப்போது இல்லை. பரிசுக்குரியவர்களைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கழகங்களிடம் முன்கூட்டி ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. உறவினர் சிலர் உயிலை எதிர்த்தனர். சுவீடனின் பணம் எந்த நாட்டவருக்கும் போகலாம் என்பது மன்னர் இரண்டாம் ஆஸ்கருக்கும் பிடிக்கவில்லை.

உயிலை நிறைவேற்றும் பொறுப்பை நோபல் இருவரிடம் விட்டிருந்தார். அவர்களில் ஒருவர்தான் சோல்மன். நோபலின் உதவியாளர்; வயது 26. சொத்தோ பல நாடுகளில் சிதறிக் கிடந்தது. பாரிஸ் வங்கிகளில் இருந்த பத்திரங்களைப் பிரெஞ்சு நீதிமன்றம் முடக்கிவிட்டால் எல்லாம் போய்விடும் என்று அஞ்சினார். அவற்றை எடுத்துக்கொண்டு, கையில் தோட்டா நிரப்பிய துப்பாக்கியுடன் குதிரை வண்டியில் துணைத் தூதரகத்துக்குப் போனார். அங்கே பெட்டிகளில் கட்டி இரயிலேற்றி வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டார். சினிமாக் காட்சி போல இருக்கிறதல்லவா?

குடும்பத்திலும் ஒருவர் துணை நின்றார். அவர் நோபலின் அண்ணன் மகன் இமானுவேல். பாக்கு எண்ணெய்த் தொழிலை நடத்திவந்த அவருக்கு உயிலால் இழப்புதான். மன்னரே 1898-இல் அழைத்துப் பேசியும் அவர் மாறவில்லை. உயிலை நிறைவேற்றுபவரை ருஷ்ய மொழியில் ஆன்மாவின் பிரதிநிதி என்பார்கள் என்று சோல்மனுக்கு எடுத்துச் சொன்னவரும் அவரே. அந்த ஆண்டே உறவினர்களுடன் சமரசம் ஏற்பட்டது.

சுமார் 31 மில்லியன் குரோனர் நிதியாகச் சேர்ந்தது. 1900 ஜூன் மாதம் அறநிறுவனத்தின் விதிகளுக்கு அதே மன்னர் ஒப்புதல் அளித்தார். 10 டிசம்பர் 1901-இல் முதல் பரிசுகள் வழங்கப்பட்டன. எக்ஸ்-கதிரைக் கண்டறிந்த ராண்ட்ஜனும் செஞ்சிலுவைச் சங்கம் உருவாகக் காரணமான ஹென்றி டியூனாண்டும் அன்று பரிசு பெற்றவர்களில் அடங்குவர்.

சோல்மன் பின்னாளில் அதே அறநிறுவனத்தின் நிர்வாக இயக்குநரானார். 1929 முதல் 1946 வரை அப்பொறுப்பில் இருந்தார்.